ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

திருவனந்தபுரத்தில் வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் பிடித்துக்கொள்கிறது. கோடை மழையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர். மதுரையில் நனைந்த சுவர் அடுத்த பல மாதம் வெயிலில் காயும். இங்கே அந்த அவகாசம் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான்.

ஆனால் இந்த ஊரில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் காலம் எது? ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம். கர்க்கடகம் (ஆடி) முழுக்க நனைந்து ஊறிய சுவரின் மேல் பட்டியும் பிரைமரும் எமல்ஷனும் ஏறுகின்றன. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வர வழி தேடுகிறது. துலாவர்ஷம் முடிவதற்குள் பெயின்ட் கொப்புளம் போட்டு உரிகிறது. வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுகிறார், அடுத்த ஓணத்துக்கு இன்னும் விலை கூடிய பெயின்ட் வாங்குகிறார். போகிக்கு வெள்ளையடிக்கும் தமிழர் வழக்கம் இந்த ஊர் மழைக்குச் சரியாகப் பொருந்தும். ஓணத்துக்குத் தரையைக் கழுவுங்கள், வாசலில் பூக்களம் போடுங்கள், சுவரைத் தை பிறக்கும் சமயத்தில் தொடுங்கள்.

கூரை, வடிகால், சுவர், தரை, கடைசியில் பெயின்ட். வேலை இந்த வரிசையில் போக வேண்டும்.

தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை

• பலத்த மழை பெய்துகொண்டிருக்கும்போதே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தக் குழாய் வழிந்து நிற்கிறது, சன்ஷேடின் எந்த மூலையில் தண்ணீர் சுவரோடு ஒட்டி இறங்குகிறது, முற்றத்துத் தண்ணீர் அஸ்திவாரத்தை நோக்கி ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் கொத்தனாரிடம் வாயால் விளக்குவதைவிட அந்தப் படம் உதவும்.

• ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியுங்கள். தரையிலிருந்து மேலேறி ஏறக்குறைய இடுப்பளவில் ஒரு கோடு போல் நின்றால் அது நிலத்து ஓதம். மேலிருந்து இறங்கினால் கூரை அல்லது கைப்பிடிச்சுவர். மார்ச் மாத வெயிலிலும் ஒரே இடத்தில் திட்டாக ஈரம் நின்றால் உள்ளே குழாய் கசிகிறது. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம்.

• சந்தேகம் இருந்தால் ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்க்கும் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை; ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். இதற்குச் செலவு டேப்பின் விலைதான்.

செய்யக்கூடாதவை

• காரணம் தெரியாமல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்காதீர்கள். சுவரின் உட்பக்கம் அடிக்கும் எந்தப் பூச்சும் வெளியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாது. சில மாதம் மறைத்து வைக்கும், பிறகு பூச்சோடு காரையையும் இழுத்துக்கொண்டு விழும்.

• எல்லா வேலையையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டி ஒரே மாதத்தில் முடிக்க நினைக்காதீர்கள். கூரையைச் சரிசெய்து ஒரு மழையாவது பார்த்த பிறகு உள்வேலைக்குப் போவது நல்லது.

ஓட்டுக்கூரை

கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள அக்ரஹார வீடுகளில் இன்னும் பல ஓட்டுக்கூரையோடு நிற்கின்றன. பாசல் மிஷன்காரர்கள் 1865 இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் இந்த மேற்கரைக் கூரைகள் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிறகு பல ஊர்களில் பல பேர் ஓடு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மங்களூர் ஓடு என்றே பெயர், ஆனால் ஒவ்வொருவர் அச்சும் கொஞ்சம் வேறு. உடைந்த ஓட்டை மாற்றும்போது இங்கேதான் தப்பு நடக்கிறது. பழைய ஓட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் செய்தவர் பெயரும் முத்திரையும் எழுந்து நிற்கும். அதே பெயருள்ள ஓட்டைத் தேடி வாங்குங்கள். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும். வேறு அச்சு ஓடு பக்கத்து ஓட்டின் காடியில் சரியாக உட்காராது. ஒரு விரல்கடை இடைவெளி போதும், காற்றோடு அடிக்கும் சாரல் உள்ளே புக.

செய்ய வேண்டியவை

• ஏப்ரலுக்குள் கூரையில் தேங்கிய சருகு, தென்னம்பாளை எல்லாவற்றையும் வாரி எடுங்கள். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் பதித்திருக்கும் தகட்டைக் கட்டாயம் பாருங்கள். ஒழுகும் ஓட்டு வீடுகளில் ஓட்டைவிட இந்தத் தகடே அதிகம் குற்றவாளி. துரு பிடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுத் தகட்டையும் மாற்றுங்கள்.

• கைமரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பாக இருக்கும் மரமும் அந்த முனையில் மட்கியிருக்கும். தேக்கோ பலாவோ ஆஞ்சிலியோ, எந்த மரமானாலும் ஈரச்சுவருக்குள் மூச்சு விட முடியாமல் கிடந்தால் முனைதான் முதலில் போகும். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியை அறுத்து, அதே மரத்தில் துண்டு சேர்த்து, போல்ட் போட்டு இறுக்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். முழுக் கைமரத்தையும் வீச வேண்டியதில்லை.

• மரத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசும் பழைய வழக்கம் நல்லதுதான். பூச்சி அண்டாது. ஆனால் தோலைப் புண்ணாக்கும். பூசுபவருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஓட்டின் நடுவில் கால் வைத்து நடக்க விடாதீர்கள். ரீப்பருக்கு மேலே பலகை போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். டிஷ் ஆன்டெனா மாட்டவும் கேமரா பொருத்தவும் வருபவர்கள் உடைக்கும் ஓடுகள்தான் அதிகம்.

• ஓட்டின் மேல் சிமென்ட் சாந்து பூசி ஒழுக்கை அடைக்காதீர்கள். வெயிலில் ஓடும் சாந்தும் வேறு வேறு அளவில் விரியும், ஒரே கோடையில் பிளந்துவிடும். பிறகு அந்த ஓட்டை உடைக்காமல் கழற்றவும் முடியாது.

மொட்டைமாடி

கான்கிரீட் தளத்தில் தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் கீழே சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் நுழைந்த தண்ணீர் கம்பியோடு ஓடி, கூடத்து மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். கொக்கியைச் சுற்றி எத்தனை முறை பூசினாலும் நிற்காது.

செய்ய வேண்டியவை

• தளத்துக்கு 100 அடிக்கு 1 அடியாவது சரிவு இருக்க வேண்டும். மழை நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பூச்சு அடிப்பதற்கு முன் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சரிவு கொடுக்க வேண்டும்.

• கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலை முழுவதும் சாந்தால் வளைவாக அணை கட்டச் சொல்லுங்கள். பூச்சை அந்த வளைவின் மேலேயும் சுவரில் ஓரடி உயரம் வரையும் ஏற்ற வேண்டும்.

• தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், தளர்ந்த காரை முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடம் விட்டு, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். துருவேறிய கம்பி தன் அளவைப் போலப் பல மடங்கு வீங்கும். வீங்கித்தான் காரையைத் தள்ளுகிறது. சங்குமுகம், வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் பக்கம் உப்புக்காற்று இந்த வேலையை வேகப்படுத்துகிறது. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது.

• மாடிக்கு மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டுத் தகடு வேய்வது இந்த ஊரில் பெருகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் நல்லதே. ஆனால் சட்டத்தின் கால்களை வெறும் தளத்தின் மேல் நிறுத்தாமல் தூணும் பீமும் உள்ள இடத்தில் போல்ட்டால் பிணைக்கச் சொல்லுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கியதை மறக்க வேண்டாம்; தளர்வான தகடு காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டு உயிரைப் பறிக்கும். உயரமும் பக்க அடைப்பும் பற்றி மாநகராட்சியில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

• அந்தத் தகட்டில் விழும் மழையைக் கிணற்றுக்கு அனுப்புங்கள். 1000 சதுர அடிக் கூரையில் இங்கே ஓராண்டில் ஏறத்தாழ 1,67,000 லிட்டர் மழை விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, பிறகு மணலும் கரியும் ஜல்லியும் நிரப்பிய தொட்டி வழியாக இறக்கினால் ஏப்ரல் மாத டேங்கர் லாரிச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

செய்யக்கூடாதவை

• பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு அடுக்காதீர்கள்.

• ஏற்கனவே நனைந்திருக்கும் தளத்தைச் சுற்றிலும் மூடி அடைக்காதீர்கள். பிப்ரவரியில் நன்றாகக் காயவிட்டு மார்ச்சில் செய்யுங்கள்.

சுவர்

பழைய திருவனந்தபுரத்து வீட்டின் சுவர் பெரும்பாலும் வெட்டுகல். செம்புரைக்கல் என்றும் சொல்வோம். மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கிளிஞ்சலை நீற்றிய சுண்ணாம்பு அது. கல்லும் சாந்தும் பூச்சும் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். நூறு வருஷம் தாங்கியதற்கு அதுவே காரணம். இந்தச் சுவரில் பூச்சு உதிர்ந்ததும் நாம் செய்வது சிமென்ட் பூசுவது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் கல்லை அரித்து மாவாக்குகிறது. நாலைந்து வருஷத்தில் சிமென்ட் பூச்சு பாளம் பாளமாக விழும்போது அதன் முதுகில் கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஊரில் நல்ல சுவர்கள் பல இப்படித்தான் கெட்டன. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் தடுக்க எளிதான கேடு இது.

செய்ய வேண்டியவை

• சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் இறுகியபின் அடுத்தது. சிமென்டைவிட நாள் பிடிக்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வரும் வயதான கொத்தனார்களிடம் விசாரித்துப் பாருங்கள். மேலே எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

• செங்கல், சிமென்ட் சாந்தில் கட்டிய பிற்கால வீடானால் சிமென்ட் பூச்சு சரி. சுவருக்கு 1:5 அல்லது 1:6, கூரையின் அடிப்பக்கத்துக்கு 1:4. பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். ஆள் இல்லையென்றால் நீங்களே காலையும் மாலையும் ஹோஸ் பிடியுங்கள். சிமென்டின் பலத்துக்குப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர். ஒரு மாதம் காயாமல் பட்டி போட வேண்டாம்.

• அக்ரஹார வீட்டில் பக்கச் சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. அதே சுவரில் அந்தப் பக்கத்து மாமியின் கூடத்து உத்திரமும் தங்கியிருக்கிறது. கை வைப்பதற்கு முன் அங்கே போய்ப் பேசுங்கள், உத்திரம் எந்த உயரத்தில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அளந்து சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து ஒரே கோடையில் இரு பக்கத்தையும் பூசினால் செலவும் குறையும், சண்டையும் வராது.

செய்யக்கூடாதவை

• கூடத்தையும் அடுக்களையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்காதீர்கள். ஓபன் கிச்சன் ஆசையில் இது இப்போது நிறைய நடக்கிறது. தூண், பீம் இல்லாத வீட்டில் கூரையைச் சுமப்பது சுவர்தான். எது சுமக்கும் சுவர், எது வெறும் தடுப்பு என்பதைக் கட்டட அமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கொத்தனாரின் தைரியம் போதாது. 1939 இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி இந்த ஊரிலேயே இருக்கிறது. படித்த பொறியாளருக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

• மண் சாந்தில் கட்டிய வெட்டுகல் சுவரின் மேல் கான்கிரீட் மாடி ஏற்றாதீர்கள். மகனுக்குக் கல்யாணம், ஒரு அறை வேண்டும் என்றால் பின்கட்டில் தனி அஸ்திவாரம் போட்டுக் கட்டுங்கள்.

• முற்றத்தைத் தகடு போட்டு மூடாதீர்கள். காற்றும் வெளிச்சமும் வரும் வழி அது ஒன்றுதான். மூடிய வீடுகளில் அடுத்த மழைக்கே உள்ளறைச் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. சாரலுக்குப் பயந்தால் ஒளி புகும் தகட்டை உயர்த்திப் போட்டு, சுற்றிலும் ஓரடி இடைவெளி விடுங்கள்.

• பழைய சிவப்பு ஆக்சைடு தரையை உடைக்காதீர்கள். வெடித்த இடத்தைச் சுண்ணாம்பும் ஆக்சைடும் கலந்து அடைத்து மெழுகு தேய்த்தால் போதும். இன்று அப்படி ஒரு தரை போட ஆளும் கிடைப்பதில்லை.

• பழைய கதவு, ஜன்னலின் பெயின்டைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 இல்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பேக்கர் பாணி வீடு வைத்திருப்பவர்களுக்கு

1917 இல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டு 2007 இல் இங்கேயே மறைந்த லாரி பேக்கர் இந்த நகரத்துக்கு ஒரு கட்டட முறையைக் கொடுத்தார். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், தம்பானூரில் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸ், நாலாஞ்சிறையில் அவருடைய சொந்த வீடு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குத் தெரு அவரும் அவர் வழி வந்தவர்களும் கட்டிய சாதாரண வீடுகள் இன்னும் இருக்கின்றன. இவற்றைப் பழுதுபார்க்கும்போது வழக்கமான கைவேலை உதவாது.

இந்த வீடுகளின் சுவரில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டியிருப்பார்கள். ராட் டிராப் முறை என்று பெயர். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் பைப் மறைக்க இதில் காடி வெட்டினால் செங்கல்லின் மெல்லிய முகம் நொறுங்கிப் பொந்து திறந்துகொள்ளும். குழாயை வெளியே ஓட்டுங்கள். பார்வைக்கு உறுத்தினால் செங்கல் நிறத்தில் பெயின்ட் அடியுங்கள். கனமான அலமாரி, வாட்டர் ஹீட்டர் மாட்டும் இடத்தில் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பி இறுகவிட்டுத் துளையிட வேண்டும்.

கூரையின் அடியில் ஓடுகள் வரிசையாகத் தெரிகின்றனவா? பாரம் தாங்காத இடத்தில் கான்கிரீட்டுக்குப் பதில் ஓடு வைத்து வார்த்த தளம் அது. துளை போடுவதானால் இரண்டு ஓடுகளுக்கு நடுவிலுள்ள கான்கிரீட் பட்டையில் மட்டும், அதுவும் கம்பியைத் தவிர்த்து. ஓட்டில் துளையிட்டால் உடைந்து விழும்.

பூசாத செங்கல் சுவருக்கு மேல் சிமென்ட் பூசி ‘புதுப்பிக்காதீர்கள்’. செங்கல் இடுக்குச் சாந்து உதிர்ந்திருந்தால் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்து திணியுங்கள், அது போதும். செங்கல் ஜாலிகளைக் கண்ணாடியால் அடைப்பதும் வேண்டாம். கொசுவுக்கு உட்பக்கம் வலை அடித்தால் தீர்ந்தது. சந்தேகம் வந்தால் பேக்கரும் முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும் பொருளியலாளர் கே.என். ராஜும் முன்னின்று 1985 இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பை அணுகுங்கள். இடித்த வீட்டின் கதவையும் ஓட்டையும் மறுபடி பயன்படுத்துவதில் பேக்கருக்கு இருந்த அக்கறை உங்களுக்கும் பணம் மிச்சப்படுத்தும்.

குளியலறை, கழிவுநீர், கிணறு

செய்ய வேண்டியவை

• டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குளியலறைத் தரையின் ஓட்டைகளை அடைத்து, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். கீழே கூரையில் ஈரம் படர்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் டைல்ஸ்காரரை உள்ளே விடாதீர்கள்.

• கழிவுக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 7.5 மீட்டர் வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. உங்கள் கிணற்றிலிருந்து மட்டும் அளந்தால் போதாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் அளக்க வேண்டும். வெட்டுகல் பூமி கண் கண்ணாக இருக்கும். அதன் வழியே தண்ணீர் வேகமாகப் பாயும்.

• குழாய்களை மூடிப் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்போடு படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஓர் ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

செய்யக்கூடாதவை

• கரையானுக்கு, இங்கே சிதல் என்பார்கள், மருந்து அடிக்க வருபவரைக் கண்காணிக்காமல் விடாதீர்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குவது முறை. அந்த மருந்து நஞ்சு. கிணற்றங்கரைப் பக்கம் ஒரு சொட்டும் இறக்க விடாதீர்கள். மீந்ததைத் தோட்டத்தில் கொட்டவும் விடாதீர்கள். கிணற்றுக்கு அருகிலுள்ள சுவரில் ஈரத்தை நிறுத்துவதும் மண்ணோடு ஒட்டிய மரத்தை விலக்குவதும்தான் நல்ல காவல்.

மின்சாரம்

விளக்குக்கு 1.5, சாதாரண பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் பெயின்ட் வேலையைத் தள்ளிவைத்து இதை முதலில் போடுங்கள். நனையும் சுவரில் கசியும் மின்சாரத்துக்கு வேறு காவல் கிடையாது. உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். இடி மின்னல் மிகுந்த ஊர் இது, எர்த் குழியைக் கோடையில் நனைத்து வையுங்கள்.

2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவு மழையில் கௌரீசபட்டத்திலும் கண்ணம்மூலையிலும் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடையை ஒட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் அன்று சுவரில் நின்ற தண்ணீர்க் கோட்டுக்கு மேலே பிளக்குகளையும் இன்வெர்ட்டரையும் ஏற்றிவிடுங்கள். தண்ணீர் எட்டும் உயரத்தில் ப்ளைவுட் அலமாரி வேண்டாம்.

அனுமதி, வரி

2019 ஆம் ஆண்டுக் கேரள நகராட்சிக் கட்டட விதிகளின்படி வெள்ளையடித்தல், பூச்சு, ஓடு மாற்றுதல் போன்ற சில்லறைப் பழுதுகளுக்கு அனுமதி தேவையில்லை. கட்டட அமைப்பை மாற்றினாலோ பரப்பைக் கூட்டினாலோ தேவை. கோட்டைக்குள் பாரம்பரியப் பகுதி. முகப்பைத் தொடுவதற்கு முன் மாநகராட்சியில் எழுத்தில் கேளுங்கள். புதிதாகச் சேர்க்கும் பரப்போடு மொத்தம் 278.7 சதுர மீட்டர், அதாவது 3000 சதுர அடி, தாண்டினால் ஆண்டுதோறும் கூடுதல் வரி வரக்கூடும். வரைபடம் போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

ஆளும் கணக்கும்

செய்ய வேண்டியவை

• எந்த வேலை, எந்தச் சரக்கு, என்ன கலவை, சதுர அடிக் கணக்கா நாள்கூலியா, ஜன்னல் கதவு இடத்தைக் கழிப்பதா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தகராறு பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் வருகிறது.

• கூரை, வாட்டர்ப்ரூஃப் வேலைகளில் பத்தில் ஒரு பங்குப் பணத்தை ஒரு மழைக்காலம் முடிந்து தருவதாக முன்னமே பேசி வையுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார். மழை முடிந்ததும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

• கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. உங்கள் மொட்டைமாடிக்கும் அது பொருந்தும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் கூரையில் நிற்பவர்கள் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள். நாம்தான் இறங்கி வரச் சொல்ல வேண்டும். சாரத்துக்கு உறுதியான கட்டு, தலைக்கவசம், குடிக்கத் தண்ணீர், இவை ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கப்படும் நோக்குகூலி 2018 மே 1 முதல் கேரளத்தில் தடைசெய்யப்பட்டது. தராதீர்கள். ஆனால் சிமென்டும் டைல்ஸும் உண்மையில் இறக்கினவரின் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

• ஆற்றுமணல் என்று இரவில் வந்து இறங்கும் லாரியை நம்பாதீர்கள். 2001 ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றங்கரையைக் காக்க மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தவிர, அது கடல் மணலாக இருந்தால் அதிலுள்ள உப்பு உங்கள் கம்பியைத் தின்னும். வார்ப்புக்கு எம்-சாண்ட், பூச்சுக்குப் பி-சாண்ட் போதும்.

• இடிபாட்டைத் தோட்டிலோ வயலிலோ கொட்ட விடாதீர்கள். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் அங்கே தேங்கியிருந்த குப்பைக்கு நடுவே நீரில் அடித்துச்செல்லப்பட்டு உயிர்விட்டார். நகரம் போட்ட குப்பை அவரைக் கொன்றது. நல்ல ஓட்டையும் மரத்தையும் விற்றுவிடுங்கள், உடைந்த செங்கல்லையும் காரையையும் உங்கள் தரைக்கு அடியிலேயே நிரப்பப் பாருங்கள். மீதியை ஏற்ற லாரி வரும்போது எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் ஏற்ற விடாதீர்கள்.